இரண்டு கடதாசி சொன்னால்தான் பேனா

இருந்தவர்கள்: ஞானம் அண்ணை, அவருடைய மனைவி பரமேஸ் அண்ணி, மகள் வேணி, ஞானம் அண்ணையின் தம்பி குலம், நான், அக்கா. இல்லாதவர்கள்: மெட்ராஸில் ஒரு வாடகை அறையில் காத்திருந்த நேசம் மாமி, செத்துப்போன மூன்று பேர், அதாவது ஞானம் அண்ணையின் தகப்பன், தகப்பனைப் பெற்ற பேத்தியார், பேத்தியாரின் புருசனான மலாயாப் பேரனார், பிறகு, அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் பெயர் சொல்லியிராத ஒரு பெண்.

இந்த வரிசை என்னுடையதல்ல, அக்காவினுடையது. எந்த வீட்டுக்குப் போனாலும் கொப்பியைத் திறந்து, பக்கத்தின் தலையில் முதலில் இருப்பவர்களை எழுதுவார், பிறகு இல்லாதவர்களை. செத்தவர்களும் இல்லாதவர்களில் சேர்த்திதான். ஏன் அக்கா இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கிற ஆக்கள் தங்களைப் பற்றிச் சொல்லுறது முக்கால்வாசி சரியா இருக்கும் தம்பி. இல்லாத ஆளைப் பற்றித்தான் பிழை பிழையாச் சொல்லுவினம். அவை மறுத்துச் சொல்ல வரமாட்டினம்தானே."

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அது சரிதானா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார். எண்பதுகளின் பின்பாதியில் அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுகள் அடுக்கிய அறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். லண்டனுக்கு வந்து ஒரு ஆஸ்பத்திரியின் துணி அறையில் படுக்கை விரிப்புகள் மடித்துக்கொண்டிருந்தார். அல்பேர்ட்டனில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே ஓர் அறை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கொப்பியின் முதுகில் துளைபோட்டு, நூலில் அழிறப்பர் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பேனா வைத்திருக்கவே மாட்டார். யாராவது நீட்டினாலும் வாங்கமாட்டார்.

"ஒரு விசயத்தை இரண்டு கடதாசி சொல்லவேணும். ஒண்டைப் பார்த்து எழுதின மற்றது இல்லை, தனித்தனியா எழுதின இரண்டு. அப்பதான் பேனா. அதுவரைக்கும் பென்சில் போதும்."

அந்தக் காலத்தில் லண்டனில் எங்கள் ஆட்களுக்குக் குடும்ப மரம் என்பது பெருமைக்கு மாட்டிவைக்கிற படம் அல்ல. குடிவரவு அதிகாரி ஒரு தாளை நீட்டி, உன் தகப்பனுக்கு எத்தனை சகோதரம், மூத்தது யார், எப்போது பிறந்தது என்று கேட்பான். இங்கே ஒருவன் சொன்னதும் அங்கே கொழும்பில் அவனுடைய தமக்கை சொன்னதும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் சனிக்கிழமைகளில், ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் கூடி நாங்கள் சிலர் இலவசமாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அக்கா உறவுகளை ஒழுங்குபடுத்துவார். நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன்.

என்னைப் பற்றி ஒரு பந்தி சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை என்னில்தான் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிப் பாஸான முதல் ஆள் நான். அப்பா லொறியில் மூட்டை ஏற்றினவர். அம்மா இன்றைக்கும் கைநாட்டுத்தான். பகலில் கணக்கியல் படித்து, சனி ஞாயிறு மாலைகளில் பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்று, பழைய மின் தட்டச்சு இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தேன். என் ஆங்கிலக் கடிதங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஞானம் அண்ணை வீட்டுக்கு முதலில் போனவன் நான். வெம்பிளியில், மாடிப்படியில் பூப்போட்ட கம்பளம் விரித்த வீடு. அண்ணையும் குலமும் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே தாய் செத்துவிட்டா. அவர்களைத் தூக்கி வளர்த்தது தகப்பனின் தங்கை நேசம் மாமி. கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டா. ஊரைவிட்டு வெளிக்கிட்டு மெட்ராஸில் தனியே, கண்ணில் பூ விழுந்து, அடுப்புப் பற்றவைக்கவும் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. அவவை லண்டனுக்கு எடுப்பிக்க வேண்டும். அதற்கு அவ மாமிதான் என்று கடதாசியில் காட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஞானம் அண்ணை ஒரு பழைய தகரப்பெட்டியைத் திறந்து மாமியின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துத் தந்தார். மலாயாவில், சியாம் எல்லைப் பக்கம், ரயில் தண்டவாளம் போட்டு முடியாமல் காட்டுக்குள்ளே நின்ற ஒரு கூடார ஊரில் எழுதிய பத்திரம். தாய் என்ற இடத்தில் பேத்தியாரின் பெயர் இல்லை. மீனாட்சி என்று இருந்தது. பிறந்த தேதியும் மாமியை ஞானம் அண்ணையின் தகப்பனுக்கு ஐந்து மாதம் மூத்தவராகக் காட்டியது.

"அது வெள்ளைக்காரன்ர கிளாக்கர் விட்ட பிழை," என்றார் அண்ணை. "மாமி அப்பாவுக்கு இரண்டு வயது இளமை. ஊருக்கே தெரியும்."

நானும் நம்பினேன். அதைவிட மோசம், திருத்தினேன். விண்ணப்பத்தில் தாய் பெயர் பேத்தியாருடையது, வயது இரண்டு குறைவு என்று அழகாகத் தட்டச்சு செய்து, பத்திரத்தையும் கூடவே இணைத்து அனுப்பினேன். நாலு மாதத்தில் பதில் வந்தது. விண்ணப்பத்தில் சொன்னபடி உறவு நிரூபிக்கப்படவில்லை. அதோடு இன்னொரு குத்தும் இருந்தது: யாழ்ப்பாணப் பதிவின்படி விண்ணப்பதாரரின் பேரனார் மூன்று வயதில் இறந்துவிட்டார்.

"மூண்டு வயசில செத்தவருக்கு நாங்கள் எப்பிடியடா பேரப்பிள்ளையள்?" என்று குலம் சிரித்தான். ஞானம் அண்ணை சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் முதுகில் ஊர்கிறது. அடுத்த சனிக்கிழமை நான் கடிதத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். என்னைத் திட்டவில்லை. "திருத்தினது ஆர்?" என்று மட்டும் கேட்டார். நான் என்றேன். கொப்பியில் என் பெயரையும் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அக்கா ஒரு வீட்டுக்குள் போனால் முதல் முரண்பாடு அகப்படும்வரை தேத்தண்ணி குடிக்கமாட்டார். பரமேஸ் அண்ணி மூன்றுதரம் கொண்டுவந்தா, மூன்றுதரமும் ஆறிப்போனது.

"குடியுங்கோவன் தங்கச்சி."

"முதல் பிழை வரட்டும் அண்ணி. அது வராமல் தொண்டைக்குள்ள இறங்காது."

முன்னறையில் ஆண்களைக் கேட்பார். பிறகு அதே கேள்விகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு, அடுப்படிப் பெண்களிடம், போவார். ஆண்கள் வருடத்தைச் சொல்வார்கள், பெரும்பாலும் பிழையாக. பெண்கள் வருடம் சொல்லமாட்டார்கள். பெரிய வெள்ளம் வந்த மாரி, வீட்டுக்கு ஓடு போட்ட கிழமை, பசு இரட்டைக் கன்று போட்டது என்று சொல்வார்கள், அது பிழைக்காது. "முன்னறை பேனா, குசினி பென்சில்," என்பார் அக்கா. பேனாவை எளிதில் நம்பாத அவர் வாயில் அது குசினிக்குக் கொடுத்த பெரிய மரியாதை.

செத்த பிள்ளையின் கதை குசினியில்தான் அவிழ்ந்தது. மலாயாப் பேரனாருக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து அம்மாளில், அம்மை நோயில், போனது என்று பரமேஸ் அண்ணிக்கு மாமியார் முறையான ஒருவர் சொல்லியிருக்கிறா. அக்கா உடனே முன்னறைக்கு வந்து தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

"உங்கட பேரனாருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. ஆரும் பதியேல்லை. மலாயா றெயில்வேயில சேரப் பிறப்புப் பத்திரம் கேட்டிருப்பாங்கள். வீட்டில கிடந்தது செத்த தமையன்ர பத்திரம். அதைக் கொண்டுபோட்டார். பேரும் அதே பேர்தான், செத்த பிள்ளையின்ர பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது எங்கட ஆக்களின்ர வழக்கம்தானே. நான் கச்சேரியில இப்பிடி ஒரு நூறு பேரைக் கண்டனான்."

குலம் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். "அப்ப முப்பத்தொரு வருசம் மலாயாவில வேலை செய்து பென்சன் எடுத்தது...?"

"உங்கட பேரனார்தான். ஆனா தமையன்ர வயதில."

"செத்த மனுசன்ர பென்சனிலயோ நாங்கள் படிச்சது!"

"குலம், வாயை மூடு," என்றார் ஞானம் அண்ணை. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு மரத்தில் தனியாக ஒரு சிறு கோடு கீறினார். பிறகு பரமேஸ் அண்ணியைப் பார்த்து, "இப்ப தாங்கோ தேத்தண்ணி," என்றார். இரண்டாவது கடதாசியை ஊரிலிருந்து எழுதுவித்து எடுத்தார்: பேரனார் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பில், அதாவது பதிவேட்டில், நாலு வயது குறைவாக, உண்மையான பிறந்த தேதி இருந்தது.

இப்படியெல்லாம் சொன்னால் அக்கா எல்லோருக்கும் பிடித்தமானவர் என்று நினைக்கக்கூடாது. விம்பிள்டன் கோயிலில் ஒரு திருவிழா நாள். ஒரு பெரியவர் தன் மூதாதை வெள்ளைக்காரன் காலத்து முதலியார் என்றும், அந்தப் பட்டத்தோடு குடும்ப மரம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மரத்தை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, இவர் பட்டம் வாங்கேக்க இவருக்கு ஆறு வயசு."

அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு அக்காவைக் கண்டால் கோயில் வீதியில் மற்றப் பக்கமாகப் போவார். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். "ஆறு வயசை எப்பிடித் தம்பி பதமாச் சொல்லுறது?" என்று உண்மையாகவே கேட்டார். அவருக்கு அது விளங்காது. அந்த விளங்காமையில் எனக்குச் சில நேரம் பயமும் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒரு புதுவருட நாள், பெற்றோல் செட்டுக்கு வந்த அக்காவிடம், உங்கள் விசாக் கடதாசியில் இன்றைக்குத்தானே பிறந்தநாள் என்று வாழ்த்தினேன். "அது என்ர பிறந்தநாள் இல்லை," என்றார். "பத்திரம் கையில இல்லாமல் வந்திறங்கின ஆக்களுக்கு எல்லாம் ஏயர்போட்டில ஜனவரி ஒண்டு எண்டு எழுதுறாங்கள். என்ர தேதி ஒருத்தன்ர மேசையில பிறந்தது." அவருடைய சொந்த மரத்தை ஒருநாள் பார்த்தேன். முழுவதும் பென்சில்தான்.

மாமியின் பத்திரத்துக்கு வருகிறேன். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கேட்டார்: "கிளாக்கர் பிழைவிட்டவன் எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"கிளாக்கர்மார் பிழை விடுவினம்தான். நானே விட்டிருக்கிறன். ஆனா ஒரே பிள்ளையில இரண்டு பிழை, இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிக்காது. தாயின்ர பேர் வேற. தேதியும் வேற தாய்க்குத்தான் பொருந்துது, ஐஞ்சு மாத இடைவெளியில ஒருத்தி இரண்டு பெறமாட்டாள். இது பிழை இல்லைத் தம்பி. இது செய்தி." பிறகு பத்திரத்தின் அடியை விரலால் தொட்டுக் காட்டினார். "இதை நீ பார்க்கேல்லையோ?"

தகவல் தந்தவர் என்ற இடத்தில், மங்கிப்போய், ஒரு பெருவிரல் அடையாளம்.

"இவையின்ர பேத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சவ. பென்சன் புத்தகத்தில அவ வைச்ச கையெழுத்தைப் பார்த்தனான், மணி மணியான எழுத்து. அவ ஏன் கைநாட்டு வைக்கவேணும்?"

கைநாட்டு வைக்கிற தாய்க்குப் பிறந்த நான், அந்தக் கைநாட்டை ஒரு மைக்கறை என்று ஒதுக்கிவிட்டு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இயந்திரத்தை மூடிவைத்தவன் மூன்று கிழமை திறக்கவில்லை.

அக்கா ஓய்வு நாட்களில் கியூவுக்கு, பழைய அரசாங்க ஆவணங்கள் இருக்கிற இடத்துக்குப் போனார். உள்ளே பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். "தம்பி, என்ர புத்தியுள்ள ஆக்கள் இந்த நாட்டிலும் இருக்கினம்," என்று அன்றைக்கு அவர் பட்ட சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். ஆறுதரம் போனார். பேரனார் எந்த வருடம் எந்தக் கூடாரத்தில் இருந்தார், எப்போது லீவில் ஊருக்குப் போனார், எப்போது திரும்பினார் எல்லாம் அகப்பட்டது. மாமி பிறந்த அன்று பேரனார் எல்லையில் இருந்தார். பேத்தியார் யாழ்ப்பாணத்தில், வயிற்றில் நாலு மாதத்து ஞானம் அண்ணையின் தகப்பனோடு இருந்தா.

மீனாட்சியைச் சொல்ல இரண்டாவது கடதாசி வேண்டும். அதற்கு மலேசியாவின் பென்சன் அலுவலகத்துக்கு எழுதினார். ஐந்து மாதத்தில் ஒரு பிரதி வந்தது. வேலைக்காரர் செத்தால் பென்சன் யாருக்குப் போகவேண்டும் என்று பேரனார் தன் கையால் எழுதிக் கொடுத்த தாள். மனைவி பெயர், மகன் பெயர். அதற்குக் கீழே: மகள் நேசம்மா, தாய் மீனாட்சி, தண்டவாளக் கூலி, இறந்துவிட்டார். ஊர் முழுக்க மறைத்ததை அந்த மனுசன் வெள்ளைக்காரனுக்கு ஒளிக்காமல் எழுதியிருந்தார். பிறப்புப் பத்திரத்தோடு பொருந்தாத தாயை எழுதினால் மகளுக்குப் பென்சன் கிடைக்காது.

மிச்சத்தைப் பரமேஸ் அண்ணி குசினியில் சொல்லியிருந்தா, அது இன்னதென்று தெரியாமலே. பேத்தியார் பிறகு மலாயா போய்ச் சில வருடம் இருந்து, ஏழு வயது மகனோடும் ஐந்து வயது என்று சொன்ன மகளோடும் திரும்பி வந்தா. "ஊர்க் கிழவியள் பகிடி பண்ணுவினமாம். தங்கச்சிக்காரி தமையனைவிட ஒரு சாண் உயரம், அவள் இவரைத் தூக்கிக்கொண்டு திரியுறாள் எண்டு."

இப்போது முதல் பந்தியின் அந்த நாளுக்கு வரலாம். அக்கா முன்னறைக் கம்பளத்தில் மரத்தை விரித்தார். பேரனாரிலிருந்து இரண்டு கோடு. ஒன்று பேத்தியாருக்கு, ஒன்று மீனாட்சிக்கு. மீனாட்சியின் கீழே நேசம் மாமி.

ஞானம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"தங்கச்சி, இதை விடுங்கோ. சொலிசிற்றர் ஒரு வழி சொன்னவர். கிளாக்கர் விட்ட பிழைதான் எண்டு சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுக்கலாமாம். சிலவேளை எடுபடுமாம்."

"சிலவேளை எடுபடும். எடுபடாட்டி மாமி இன்னொரு வருசம் மெட்ராஸில."

"வேணிக்கு வைகாசியில கலியாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டாரும் மலாயாக் குடும்பம், ஒண்டு விடாமல் விசாரிக்கிற ஆக்கள். எங்கட பேரனார் தண்டவாளக் கூலிக்காரியோட..." அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். என் வீட்டாரும் கூலிக்காரர்தான் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"அழியுங்கோ. பென்சில்தானே," என்றார்.

அக்கா நூலில் தொங்கிய அழிறப்பரைக் கையில் எடுத்தார். அழிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அதைக் கொப்பிக்குள் வைத்து மூடினார்.

"தம்பி, உன்ர பேனையைத் தா."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா கம்பளத்தில் குனிந்து மீனாட்சியின் பெயருக்கு மேலே மையால் எழுதினார். பேரனாரிடமிருந்து வருகிற கோட்டை மையால் கீறினார். அங்கிருந்து நேசம் மாமிவரை ஒரே இழுவை.

"அண்ணை, இல்லாத ஆளை நான் சேர்க்கமாட்டன். இருந்த ஆளை வெட்டவும் மாட்டன். உங்களுக்கு வேற மாதிரி மரம் வேணுமெண்டால் வேற ஆரையும் பிடியுங்கோ, நான் கோவிக்கமாட்டன். ஆனா முடிவெடுக்க முந்தி, இல்லாத ஆக்களில ஒராளை மட்டும் கேட்கலாம். அவவிட்டைக் கேளுங்கோ."

"ஆர், மாமியிட்டையோ? அறுபத்தேழு வயசுக் கண் தெரியாத மனுசியிட்டை, நீ வேற ஒருத்தியின்ர பிள்ளை எண்டு போனில சொல்லச் சொல்லுறியளோ?"

குலம்தான் எழுந்து போய் எண்களை அழுத்தினான். பக்கத்து அறைக்காரர் எடுத்து, மாமியைக் கூட்டிவரப் போய், இரண்டு நிமிடம் வெறும் தெருச் சத்தம் கேட்டது. ஞானம் அண்ணை போனை வாங்கினார். விசா, சுகம், கண் மருந்து என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தார். பிறகு நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு, "மாமி, உங்கட பிறப்புப் பத்திரத்தில தாயின்ர பேர் வேறயாக் கிடக்கு," என்றார்.

மாமியின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தூர தேசத்திலிருந்து பேசுகிறவர்கள் போனில் சத்தமாகத்தான் பேசுவார்கள்.

"தெரியும் ராசா. அம்மா சாகேக்க சொன்னவ. நான் உன்னைப் பெறேல்லை, ஆனா உன்னை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை எண்டு சொன்னவ. பேர் மட்டும் சொல்லேல்லை. அவவுக்கும் தெரியாதோ, சொல்ல மனம் வரேல்லையோ." பிறகு கேட்டா. "பேர் கிடக்கோ அதில?"

"ஓம் மாமி."

"வாசி."

"மீனாட்சி."

"இன்னொருக்கா வாசி."

ஞானம் அண்ணை வாசித்தார். மூன்றாம்தரம் மாமி கேட்கவில்லை, அவரே வாசித்தார். பரமேஸ் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அக்கா கம்பளத்தில் இருந்தபடி என் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். அதை அவர் எனக்குத் திருப்பித் தந்தபோது மூடி கோணலாக இருந்தது.

சத்தியக் கடதாசியை அடுத்த கிழமை நான் தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்தும் திருத்தவில்லை. தன் பேரனாருக்கு மீனாட்சி என்ற பெண்ணிடம் பிறந்த மகளே தன் மாமி என்று ஞானம் அண்ணை கையெழுத்து வைத்தார். அதை ஒளித்து வைக்கவும் இல்லை. சம்பந்தி வீட்டுக்குத் தானே போய்ச் சொன்னார். அவர்கள் தேத்தண்ணி கொடுத்து, நல்லாகக் கதைத்து, பத்து நாளில் சாதகம் பொருந்தவில்லை என்று அறிவித்தார்கள். முதலில் பொருந்திய அதே சாதகம். அண்ணி இரண்டு நாள் அழுதா. வேணி, "டாடி, இட்ஸ் ஓகே. அவர் என்னோட மூண்டுதரம் கதைச்சவர், மூண்டுதரமும் தன்ர காரைப் பற்றித்தான்," என்றாள். ஆனால் அன்று மாலை குளியலறைக் குழாய் வெகுநேரம் திறந்திருந்ததை எல்லோரும் கேட்டோம். அக்காவும் கேட்டார். அக்காவை நான் வியந்து எழுதுகிறேன்தான், ஆனால் அந்தக் குழாய்ச் சத்தத்தை இதிலிருந்து வெட்ட அவரே விடமாட்டார்.

மாமி வந்திறங்கியது ஒரு புரட்டாதி நாள். சக்கர நாற்காலியில் வந்தா. மெலிந்து, உயரமாக, ஊர்க் கிழவிகள் சொன்ன அந்த ஒரு சாண் இன்னும் குறையாமல். வீட்டுக்கு வந்ததும் குலத்திடம் மரத்தைக் கேட்டு வாங்கி, மீனாட்சியின் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைக்கச் சொன்னா. குலம் பிடித்து வைத்தான். மை காய்ந்து எவ்வளவோ நாள். ஆனாலும் அழிந்துவிடும் என்பதுபோல மெல்லத் தொட்டா.

பிறகு மாமி மேல் அறையில் படுக்கப் போனபின், முன்னறையில் ஞானம் அண்ணை அக்காவிடம், "எவ்வளவு காசு முடிஞ்சதெண்டு சொல்லுங்கோ தங்கச்சி. உங்கட காசு நிக்கக்கூடாது," என்றார். அக்கா உழைப்புக்கு ஒருபோதும் காசு வாங்கினதில்லை, செலவு மட்டும்தான். கொப்பியைத் திறந்து காட்டினார். கியூவுக்கு ஆறுதரம் பஸ்ஸும் ரயிலும், போட்டோக்கொப்பி, மலேசியாவுக்குத் தபால், பத்திரப் பிரதிகள், சத்தியக் கடதாசிக் கூலி, ஊருக்குத் தபால். எல்லாவற்றுக்கும் ரசீதுத் துண்டு ஒட்டியிருந்தது. கூட்டினால் நாற்பத்தேழு பவுண் அறுபது.

ஞானம் அண்ணை என்னிடம் பேனாவை வாங்கினார். அந்த நிரலின் அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: மண்டப அட்வான்ஸ், திரும்பாதது, இருநூற்றைம்பது.

"இதுவும் இதில சேர்த்திதானே," என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. ஒரு கணக்கை முடித்துவைக்கிறவரின் குரல்தான்.

அக்கா அந்த வரியைப் பார்த்தார். கண் கலங்கினதுபோல எனக்குப் பட்டது, சத்தியம் செய்யமாட்டேன். பிறகு கேட்டார்:

"ரசீது இருக்கோ அண்ணை?"

ஞானம் அண்ணை அவரை வெறித்துப் பார்த்தார். குலம் சோபாவில் சரிந்து சிரிக்கத் தொடங்கினான். அண்ணையும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மேலே போய், தகரப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டு, ரசீதோடு இறங்கி வந்தார். அக்கா அதை வாங்கி, தேதியைப் பார்த்து, தொகையைப் பார்த்து, கொப்பியில் ஒட்டினார். பென்சிலைக் கொண்டையில் செருகினார். என் பேனாவால், மையால், கடைசி வரியை எழுதினார்: இருநூற்றுத் தொண்ணூற்றேழு பவுண், அறுபது பென்ஸ்.